டப்பா மருந்தும் மாட்டுப் புண்ணும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மழை விட்டு வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், மருந்தகத்துக்குப் புண்ணோடு வரும் மாடுகள் கூடிவிடும். முள்கம்பி கிழித்தது, கொம்பு முறிந்தது, மூக்கணாங்கயிறு அறுத்தது, நாய் கடித்தது, உண்ணி கடித்த இடம் பெருத்தது என்று காரணம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "அந்தப் புஸ்ஸுனு அடிக்கிற டப்பா ஒண்ணு எழுதிக் குடுங்க டாக்டர். அடிச்சா ஆறிடும்ல?"

அந்த டப்பாவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அது நல்ல சாமான்தான். முரட்டு மாடு கை வைக்க விடாது. எட்ட நின்று அடித்துவிடலாம். நம் அழுக்குக் கை புண்ணில் படாது. கட்டுப் போட முடியாத இடத்துக்கும் மருந்து போய்ச் சேரும். இவ்வளவு இருந்தும், அதை அடித்தே மாட்டைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 

ஒரு அம்மா இருந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு கலப்பினப் பசு. சங்கத்துக்குப் பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவு ஓடியது. மேயப் போன பசு முள்கம்பி வேலியில் மாட்டி, முன்னந்தோளில் நாலு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்துவிட்டது. மறுநாள் டவுனுக்குப் போய் வெள்ளி நிறத்தில் படிகிற ஸ்பிரே ஒன்று வாங்கிவந்து, அன்று முதல் காலையும் மாலையும் தவறாமல் அடித்திருக்கிறார்கள். ஏழாம் நாள் மாடு தீனி எடுக்கவில்லை. என்னிடம் ஓட்டிவந்தார்கள். புண்ணைப் பார்த்தால் ஜரிகை வைத்துத் தைத்த மாதிரி பளபள என்று இருக்கிறது. "பாருங்க தம்பி, மேலெல்லாம் நல்லாக் காஞ்சிடுச்சு. மாடுதான் ஏனோ சோந்து போச்சு" என்றார்கள்.

கிட்டே போனதுமே நாற்றம். வெள்ளிப் படலத்தின் கீழ் ஓரத்தில் சிவந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. ஈரத் துணியால் ஊறவைத்துப் படலத்தை எடுத்தேன். உள்ளே இரண்டு விரல் போகிற பொந்து. பொந்து நிறையப் புழு. அன்று சாமணத்தால் எடுத்த புழு ஒரு கொட்டாங்கச்சி கொண்டது. மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் புண் மூட ஒன்றரை மாதம் ஆயிற்று. பாதியாகக் குறைந்த பால் அந்த ஈத்தில் திரும்ப ஏறவே இல்லை.

அந்த அம்மா வாங்கிய மருந்து போலியுமில்லை, பழையதுமில்லை. அவர்கள் டப்பாவைத் திறப்பதற்கு முந்தின நாள் மாலையே ஈ வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு கழுவாமல், விளிம்பைப் பார்க்காமல் மேலே மேலே அடித்தது, புழுவுக்குக் கூரை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஈ செய்கிற வேலை

"ரத்தம் கெட்டுப்போய்ப் புழு வைத்துவிட்டது" என்று இன்னமும் சொல்கிறார்கள். ரத்தத்திலிருந்து புழு வராது. ஈ இட்ட முட்டையிலிருந்துதான் வரும். நம் நாட்டில் இதற்கென்றே ஒரு ஈ இருக்கிறது. வீட்டு ஈயைவிடப் பெரிது. நீலமும் பச்சையும் கலந்து மினுமினுக்கும். திருகுப்புழு ஈ என்று சொல்லலாம். அதன் புழுவுக்கு உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக முள் இருப்பதால், பார்க்கத் திருகாணி போலவே இருக்கும். பிணத்தில் மொய்க்கிற மற்றப் பச்சை ஈக்களின் புழு செத்த சதையைத் தின்னும். இந்தத் திருகுப்புழுவோ உயிருள்ள சதையைத் தின்னும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலும் வெயில் தாழ்கிற நேரத்தில் இந்த ஈ வந்து, புண்ணின் விளிம்பில், ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து, ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கி வெள்ளை வெள்ளையாக முட்டையை ஒட்டிவைக்கும். ஒரு தடவைக்கு 100 முதல் 250 வரை. பெரிய புண்தான் வேண்டும் என்பதில்லை. உண்ணி கடித்த சின்னக் காயமே அதற்குப் போதும். முட்டை 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பொரித்துவிடும். புழு தலையைச் சதைக்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு தின்ன ஆரம்பிக்கும். அது மூச்சு விடும் துளைகள் வால் பக்கத்தில் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஆறேழு நாளில் அரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்து, தானே கீழே விழுந்து, மண்ணுக்குள் புகுந்து கூடாகிவிடும். வெயில் காலமானால் ஒரு வாரம் பத்து நாளில் புது ஈயாக மேலே வரும். இதற்கிடையில் புண்ணின் நாற்றத்துக்கு வேறு ஈக்களும் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். அதனால்தான் ஒரே புண்ணில் சின்னப் புழுவும் பெரிய புழுவும் கலந்து கிடக்கும்.

இதே குடும்பத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு ஈ உண்டு. 1988-இல் அது எப்படியோ வட ஆப்பிரிக்காவில் லிபியா நாட்டுக்குள் வந்துவிட்டது. பெண் ஈ ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இணை சேரும். அதனால் மலடாக்கிய ஆண் ஈக்களை மெக்சிகோவில் வளர்த்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோடிக்கணக்கில் விட்டு, 1992-க்குள் அங்கே அதை ஒழித்துக்கட்டினார்கள். நம் ஊர் ஈக்கு அப்படி ஒரு திட்டம் இங்கே கிடையாது. நாம்தான் புண்ணைக் காவல் காக்கவேண்டும்.

ஆகவே காயம் பட்ட அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் செய்கிற வேலைக்கு இருக்கிற மதிப்பு, அப்புறம் ஒரு வாரம் செய்கிற வேலைக்கு இல்லை. வீட்டில் டப்பா இல்லை, கடை தூரம் என்றால், கழுவிவிட்டு வேப்பெண்ணெயாவது சுற்றிலும் தடவி வையுங்கள். வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ நெருங்கத் தயங்கும். மருந்து நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் கழுவ வேண்டும்

ரத்தம் வடிந்தால், சுத்தமான பருத்தித் துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உறைந்தது கழன்று மறுபடி வடியும். காப்பித்தூள், சுண்ணாம்பு, அடுப்புக்கரி, பேட்டரிக் கரி எதையும் அப்பாதீர்கள். அப்புறம் அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடு.

ரத்தம் நின்றதும், புண்ணின் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டு மூடிக்கொண்டு, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மயிரைக் கத்தரித்துவிடுங்கள். துணி எதற்கென்றால், வெட்டின மயிர் புண்ணுக்குள் விழாமல் இருக்க. மயிரைக் கத்தரித்தால்தான் ஈ முட்டை ஒட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். ஒட்டியிருந்தால் துணியால் வழித்து எடுத்து நெருப்பில் போடுங்கள். முட்டையாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

கழுவுவதற்கு விலை உயர்ந்த மருந்து ஒன்றும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலை தட்டின ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது 9 கிராம் அளவு, போட்டுக் கரையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியைச் சுட்டு நாலு ஓட்டை போட்டு, அதில் ஊற்றி அமுக்கிப் பீய்ச்சினால் மண்ணும் சீழும் தானாக வெளியே வரும். தேய்க்கவேண்டியதில்லை. பர்மாங்கனேட் தண்ணீரும் ஆகும். ஆனால் ஒரு சிட்டிகை போட்டு இளம் ரோஜா நிறத்தில் கலக்கவேண்டும். கத்தரிப்பூ நிறத்துக்குக் கெட்டியாகக் கலந்தால் சதையைச் சுட்டுவிடும். நுரை பொங்குகிற பெராக்சைடு மருந்தை, மண்ணும் சீழும் இருக்கிற முதல் நாள் ஒரு தடவை வேண்டுமானால் ஊற்றலாம். தினம் ஊற்றினால் புதிதாக வருகிற சதையையும் அது பொசுக்கும். நுரை பொங்குவதைப் பார்த்து நமக்குத்தான் திருப்தி, மாட்டுக்கு ஒன்றுமில்லை.

மண்ணெண்ணெய், பெட்ரோல், கலக்காத பினாயில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். முன்காலத்தில் பி.எச்.சி. பவுடரைப் புண்ணில் தூவுவார்கள். அந்த விஷத்துக்கு 1997-லிருந்தே இந்தியாவில் தடை. அதற்குப் பதிலாக இப்போது சிலர் பாச்சை உருண்டையைப் பொடித்துப் போடுகிறார்கள், வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் கலந்து ஊற்றுகிறார்கள். திறந்த புண் வழியாக விஷம் உடம்புக்குள் போகும். மாடு நக்கினால் வாய் வழியாகவும் போகும். கறவையாக இருந்தால் பாலிலும் வரும். அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தைதான் குடிக்கும்.

புழு வைத்துவிட்டால்

வால் பக்கத்தில் மூச்சுத் துளை என்று சொன்னேன் அல்லவா? எண்ணெய்ப் பசை அந்தத் துளையை அடைத்தால், மூச்சு முட்டிப் புழு பின்னோக்கி வெளியே வரும். டர்பன்டைன் வைத்தியம், கற்பூர வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, அதில் நனைத்த துணியைப் பொந்துக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் புழு மேலே வரும். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். டர்பன்டைனும் வேலை செய்யும், ஆனால் எரிச்சல் ஜாஸ்தி. முதல் நாள் மட்டும் போதும். கண் கிட்டே, மடி கிட்டே ஆகாது. சீத்தா இலையை மைபோல அரைத்து வைப்பதும் நல்ல வழிதான். அதுவும் முதல் நாள் மட்டும், கண்ணில் படாமல். எத்தனை துண்டுத் துணி உள்ளே வைத்தீர்களோ அத்தனையையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் மாதக் கணக்கில் சீழ் வரும்.

எடுத்த புழுவை என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் அப்படியே எருக்குழிப் பக்கம் வீசிவிடுகிறார்கள். அது செத்துப்போய்விடும் என்று நினைக்காதீர்கள். முற்றின புழு மண்ணில் புகுந்து கூடாகி, அடுத்த பத்து நாளில் உங்கள் தொழுவத்துக்கே ஈயாகத் திரும்பி வரும். ஒரு டப்பாவில் கொதிக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு, எடுக்க எடுக்க அதிலேயே போடுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் வராது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பொந்தைப் பார்க்கவேண்டும். புழு ஆழத்தில் போயிருந்தாலோ, கொம்புக் குழிக்குள் போயிருந்தாலோ, மூக்கிலிருந்து சீழும் ரத்தமும் வந்தாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் ஊசி போட வேண்டியிருக்கலாம். அது போட்டால் பாலில் மருந்து வரும் என்பதால், கறவை மாடா சினை மாடா என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த டப்பா எதற்கு?

இப்போது டப்பாவுக்கு வருவோம். இந்த மாதிரி வாயு அடைத்த டப்பா முதலில் புண்ணுக்காக வந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொசு மருந்து அடிக்க வந்தது. மருந்து, முடி, வாசனை என்று மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்தது.

கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'புண் ஸ்பிரே' என்று ஒரே பேர்தான். உள்ளே இருப்பது வேறு வேறு. தேவதாரு எண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரம் மாதிரி வாடையுள்ள எண்ணெய்கள் சேர்ந்தது ஒரு வகை. ஈயை விரட்டும், புண்ணை வறளவிடாது. நம் தொழுவத்தில் அன்றாடப் பயனுக்கு இதுவே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். நீலமாகவோ ஊதாவாகவோ படிகிறது இன்னொரு வகை. அதில் பெரும்பாலும் டெட்ராசைக்ளின் மாதிரி கிருமிக்கொல்லி மருந்து இருக்கும். நிறம் எந்த இடத்தில் அடித்தோம் என்று தெரிவதற்காக. சீழ் பிடித்த மேல் புண், குளம்புப் புண் இவற்றுக்கு மருத்துவர் சொன்னால் அடிக்கலாம். சொல்லாமல் எல்லாக் கீறலுக்கும் அடித்தால், ஒருநாள் நிஜமாகத் தேவைப்படும்போது கிருமி அதற்குக் கட்டுப்படாது. வெள்ளி நிறத்தில் படிகிறது அலுமினியப் பொடி சேர்ந்தது. சுத்தமான புண்ணின் மேல், தையல் போட்ட இடத்தின் மேல் மெல்லிய தோல் மாதிரிப் படிந்து தூசியைத் தடுக்கும். உள்ளே அழுக்கோ புழுவோ இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. அந்த அம்மாவின் மாட்டுக்கு நடந்தது அதுதான்.

அடிக்கும் முறைக்கு வருகிறேன். டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். ஒரு சாண் தூரத்தில் பிடித்து இரண்டு மூன்று விநாடி அடித்தால் போதும். புண்ணின் நடுவில் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஈ முட்டையிடுவது விளிம்பில் அல்லவா? சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் வெட்டின இடத்திலும் அடிக்கவேண்டும். புஸ் என்ற சத்தத்துக்கு மாடு மிரளும். முதலில் எட்டத்தில் தரையில் இரண்டு தடவை அடித்துச் சத்தத்தைப் பழக்கிவிட்டு, அப்புறம் கிட்டே போங்கள். பின்னங்கால் புண் என்றால் பின்னால் நின்று அடிக்காமல் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். முகத்துப் பக்கம் என்றால் கண்ணை உங்கள் கையால் மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஞ்சில் அடித்துக்கொண்டு அந்தப் பஞ்சால் ஒற்றுங்கள். டப்பாவுக்குள் இருப்பது எரிகிற வாயு. வாயில் பீடியோடு அடிக்காதீர்கள். வெயிலில், டிராக்டர் இஞ்சின் மேல் வைக்காதீர்கள். தீர்ந்துபோன டப்பாவையும் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள், வெடிக்கும்.

நாலைந்து நாளானால் புண்ணில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் புதுச் சதை வரும். அது நல்ல அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அதன் மேல்தான் ஓரத்திலிருந்து தோல் மெதுவாக நகர்ந்து வந்து மூடும். புண் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு ஆறுகிறது என்று நாம் நினைக்கிறோம். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காற்றில் காயவிட்ட புண்ணைவிட, மெல்லிய படலத்தால் மூடி ஈரப்பசை போகாமல் காத்த புண்ணில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்கு இருந்தால் தோல் அதன் அடியில் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அதற்காகச் சாணித் தரையில் படுக்கிற மாட்டுப் புண்ணைச் சொதசொதவென்று வைக்கச் சொல்லவில்லை. பவுடர் மேல் பவுடராகப் போட்டு வெடிக்க விடாதீர்கள் என்கிறேன். எண்ணெய் வகை மருந்தை நான் சொல்வதும் இதனால்தான். சதை சிவந்து சுத்தமாக வந்த பிறகு தினம் கழுவவேண்டியதில்லை. பார்த்துவிட்டு ஓரத்தில் ஈ மருந்து அடித்தால் போதும்.

வீட்டில் காய்ச்சும் எண்ணெய்

டப்பா வாங்க வசதிப்படாதவர்களுக்கு ஒரு எண்ணெய் சொல்கிறேன். நம் மூலிகைக் கால்நடை வைத்தியத்தில் பரவலாகச் சொல்லித்தரப்படுவது. குப்பைமேனி இலை, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. பூண்டு பத்துப் பல். மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டுக் காய்ச்சி, ஆறவிடவேண்டும். புண்ணைக் கழுவி ஈரத்தை ஒற்றிவிட்டுத் தடவலாம், துணியில் நனைத்தும் வைக்கலாம். கோமாரியில் குளம்பிடுக்கில் வருகிற புண்ணுக்கும், தோல் கழலை நோயில் கட்டி உடைந்து ஆகிற புண்ணுக்கும் இது கைகொடுக்கும். தோல் கழலை 2019-இல்தான் நம் நாட்டுக்கு வந்தது. 2022-இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஏராளமான மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. அந்த நோயில் உடம்பெல்லாம் புண் என்பதால் டப்பா வாங்கிக் கட்டுப்படியாகாது. எண்ணெயைத் துணியில் இறுக வடிகட்டிக் கைப்பம்புப் புட்டியில் ஊற்றினால் அதையும் தெளிக்கலாம். மார்கழி தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து பம்பை அடைத்துக்கொள்ளும், அப்போது நல்லெண்ணெய். ஒன்று கவனம். பூச்சி மருந்து இருந்த புட்டி மட்டும் வேண்டாம், எத்தனை தடவை கழுவியிருந்தாலும் சரி.

டப்பாவைத் தொடக் கூடாத இடங்கள்

நாய் கடித்த காயம் என்றால் எந்த ஸ்பிரேயும் முதலில் வேண்டாம். கைக்கு உறை போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உறை கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டுப் போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட்டிப்போங்கள். கடித்த மாட்டுக்கு 0, 3, 7, 14, 28 என்ற நாள் கணக்கில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள். நடுவில் ஒரு ஊசியை விட்டுவிடாதீர்கள். "நாய் நல்ல நாய்தான்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆணி, கம்பி குத்தின காயம் வெளியே சின்னதாக, உள்ளே ஆழமாக இருக்கும். ரண ஜன்னிக் கிருமி சாணியிலும் மண்ணிலும் இருக்கிறது. காற்றுப் புகாத இடத்தில்தான் பெருகும். அந்தக் காயத்தின் வாயை வெள்ளி ஸ்பிரேயால் அடைத்தால் கிருமிக்கு அறை கட்டிக் கொடுத்த மாதிரி. ஆட்டுக்கும் குதிரைக்கும் இந்த ஆபத்து மாட்டைவிட அதிகம். காயத்தின் வாயைத் திறந்தே வைத்துக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுக்கு மேல் பட்ட காயத்திலிருந்து எண்ணெய் மாதிரி வழுவழுப்பான நீர் வந்தால் மூட்டு திறந்துகொண்டது என்று அர்த்தம். அதற்கு ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கன்று போட்டதும் தொப்புள்கொடிக்கு ஸ்பிரே அடிக்கிறார்கள். மேலே நனையும், கொடியின் உள்பக்கம் நனையாது. வயிற்றிலிருந்து இரண்டு விரல் விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் வெட்டி, வாயகன்ற சின்னப் புட்டியில் டிங்சர் அயோடின் ஊற்றி அதில் கொடி முழுவதையும் முக்கி எடுங்கள். ஸ்பிரேயை நம்பி விட்ட கன்று ஒன்றை, முழங்கால் இரண்டும் வீங்கிச் சீழ் பிடித்த பிறகு கொண்டுவந்தார்கள். தொப்புள் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போய்விட்டது. பதினோராவது நாள் அந்தக் கிடேரிக் கன்று செத்துப்போயிற்று. அயோடின் புட்டி விலை ஒரு லிட்டர் பால் விலையைச் சுற்றித்தான் இருக்கும்.

மடிக்காம்பில் புண் என்றால், கறப்பதற்கு முன்னால் எதையும் அடிக்காதீர்கள். கறந்து முடித்த பிறகு மருத்துவர் சொன்ன மருந்தை மட்டும் போட்டு, அடுத்த தடவை கறக்கும்முன் வெந்நீரில் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். டப்பாவில் பாலை எத்தனை நாள் விலக்கவேண்டும் என்று போட்டிருந்தால் அதன்படி நடக்கவேண்டும். கோமாரியில் வாய்ப் புண்ணுக்கும் ஸ்பிரே கிடையாது.

வண்டி மாடு, ஏர் மாடு இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நுகத்தடிப் புண்ணுக்கு உலகத்தில் எந்த டப்பா மருந்தும் கிடையாது, நுகத்தடி மறுபடி அதே இடத்தில் உட்காருகிற வரையில். காலையில் மருந்தடித்து மத்தியானம் வண்டி பூட்டினால், மருந்துக்குக் கொடுத்த காசு வீண். மாட்டை அவிழ்த்து விடுங்கள். அந்த இடைவெளியில் நுகத்தடியின் சொரசொரப்பை இழைத்து விடுங்கள். அதேபோல வயதான எருதுக்குக் கொம்பு அடியில் வந்த புண் வாரக் கணக்கில் ஆறாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஆட்டினால் அது சாதாரணப் புண்ணாக இல்லாமல் கொம்புப் புற்றாக இருக்கலாம். மேலே மேலே அடித்துக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். மாட்டுக்கு அடித்துவிட்டு, மீதியைத் தன் கால் புண்ணுக்கும் அடித்துக்கொள்கிறார்கள். "மாட்டுக்கே ஆறுது, எனக்கு ஆறாதா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலில் வலி தெரியாததால் உள்ளே புரையோடியதும் தெரியவில்லை. நீலச் சாயம் மூடியிருந்ததால் வீட்டில் இருந்தவர்கள் கண்ணுக்கும் படவில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. மாட்டு மருந்தை மாட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் புண்ணை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

பக்கத்தில் மருந்தகம் இல்லாத ஊராக இருந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது. பேசும்போது காயம் பட்டு எத்தனை நாள் ஆயிற்று, எதனால் பட்டது, நாற்றம் உண்டா, மாடு தீனி எடுக்கிறதா, கறவையா சினையா, இதுவரை என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். வண்டி வருவதற்குள் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற வையுங்கள், மாட்டை நிழலில் கட்டி வையுங்கள். டப்பா கையில் இருந்தாலும், மருத்துவர் புண்ணைப் பார்க்கிறவரை அதை அடிக்காமல், ஓரத்தில் மட்டும் வேப்பெண்ணெய் தடவி நிறுத்திக்கொள்ளுங்கள்.